களை என்று நான் சொன்ன மனிதர்

மச்சான் என்னை மட்டும் நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தைச் சபை நடுவே பிரசங்கமாக்கி, அவரைக் காட்டிக்கொடுத்தவன் நான். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். எழுபத்தெட்டு வயதில் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயன் ஒன்றுமில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் புல்லுவெட்டு ஆட்களை மேய்க்கும் கங்காணி. நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே தகரக்கூரை போட்ட சின்னச் சபை ஒன்று இருந்தது. அட்டனிலிருந்து போதகர் மாதத்துக்கொரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது நான்.

ஒரு நாள் வேலை விட்டதும் மச்சான் என் வீட்டுக்கு வந்து உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். இரண்டிலும் கொப்புளங்கள் உடைந்து தோல் சுருண்டிருந்தது. அவருடைய மகளுக்கு அம்மை கண்டு, காய்ச்சல் விடாமல், பிழைப்பாளா என்று பயந்திருந்த நேரத்தில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாராம். பிள்ளை எழுந்துவிட்டாள். அதனால் தன்னை யாருக்கும் தெரியாத பூண்டுலோயாவுக்குப் போய்த் தீச்சட்டி எடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"சட்டிக்கு அடியில வேப்பிலைய கனமா வைக்கணுமாம். எனக்கு எங்க தெரியும்? இந்தக் குளிர் மலையில வேம்பு ஏது, அதுவும் மாத்தளையிலேருந்து வந்து காஞ்சு கெடந்துச்சு. ரெண்டு கொத்த வச்சுக்கிட்டுத் தூக்கிட்டேன். சூடு தாங்காம நான் குதிக்கிறேன், எனக்கு அருள் வந்திருச்சுன்னு எல்லாரும் கும்புடுறாங்க மச்சான்!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். போகும்போது மட்டும் அவர் குரல் தணிந்தது. "யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க. ஆண்டவர் கேட்டாருன்னா நானே பேசிக்கிறேன்."

அடுத்து வந்த ஞாயிறு நற்கருணை ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் சபை மூப்பரைத் தெரிவு செய்ய இருந்தார்கள். மச்சான் பெயரைத்தான் பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போதகருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் பிரசங்கம் என்னிடம் வந்தது. கோதுமைக்கு நடுவே சத்துரு களை விதைத்துப்போன உவமையை எடுத்துக்கொண்டேன். களையைக் கட்டி எரிக்கும் கடைசி வரியில் நின்று முழங்கினேன். "நம் சபைக்குள்ளும் களை முளைத்திருக்கிறது. யாரென்று நான் சொல்லமாட்டேன். அப்பம் வாங்கக் கை நீட்டும்போது உள்ளங்கைகளைப் பாருங்கள்" என்றேன். அதற்கு அப்போது வைராக்கியம் என்று பெயர் வைத்தேன். அது வெறும் பொறாமை.

மூன்றாவது வாங்குப் பலகையில் இருந்த மச்சான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டவரின் திகைப்புதான் இருந்தது. கைகளை அக்குளுக்குள் சொருகிக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே அவர் மனைவியும் மகளும் மகனும் எழுந்தார்கள். வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "மச்சான், ஒங்ககிட்டதானே சொன்னேன்."

அன்று நான் மூப்பரானேன். சில மாதங்களில் அவர்கள் நோட்டன் பிரிட்ஜுக்குக் குடிபோனார்கள். என் மனைவி கடைசிவரை எனக்குச் சோறு போட்டாள். அன்றைய பிரசங்கத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, வீட்டுக்குக் கீழே புதிதாகத் தேயிலை நட்ட மலையில் பெண்கள் புல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் ஒருத்தி இளையவளைப் பார்த்துக் கத்தினாள்: "அடியே, தேயிலக் கண்ண ஒட்டி நிக்கிற புல்ல புடுங்காதடி! வேரோட வேரு பின்னிக்கெடக்கு, புல்லோட கண்ணும் வந்துரும். அப்பறம் ஒங்கப்பனா வந்து நட்டுக் குடுப்பான்?"

"புல்லு வளருதேக்கா."

"வளந்துட்டுப் போகட்டும். மொதல்ல கண்ணு வேரு புடிக்கட்டும்."

நான் உள்ளே போய் வேதாகமத்தைத் திறந்தேன். நான் பிரசங்கித்த பகுதிதான்; முழுதாக வாசித்தேன். களையைப் பிடுங்கிவிடட்டுமா என்று ஆசையோடு கேட்பவர்கள் வேலைக்காரர்கள். எஜமான் வேண்டாம் என்கிறார். கோதுமையும் கூடவே பிடுங்கப்பட்டுவிடும் என்பதுதான் அவருடைய கவலை. அறுப்பு நாளில் பிரிப்பதற்கும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி, எல்லா வகை மீனையும் வாரிக்கொண்டு வருகிற வலையின் உவமை. அங்கேயும் பிரிப்பது கடைசியில், தேவதூதர்களின் வேலை. நான் ஊழியம் என்று நினைத்துச் செய்தது, அந்தக் கதையில் செய்யாதே என்று சொல்லப்பட்ட ஒரே காரியம். மச்சானைப் பிடுங்கியபோது அவர் குடும்பமே வேரோடு வந்துவிட்டது. என் மனைவிக்கு அண்ணன் வீடு இல்லாமல் போயிற்று. அப்போதும் அவர்தான் களை என்று எனக்கு யார் சொன்னது?

மூப்பர் பொறுப்பை விட்டேன். போதகரிடம் அனுமதி கேட்டு அதே சபையில் நின்று, அந்த உவமையை முழுதாக வாசித்து, நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். "இப்ப எதுக்கு மாஸ்டர் இதெல்லாம்?" என்று ஒரு பெரியவர் சங்கடப்பட்டார். மறுநாள் நோட்டன் பிரிட்ஜுக்கு பஸ் ஏறினேன்.

மச்சான் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். "சபையில சொன்னீங்களாமே. கேள்விப்பட்டேன்."

"என்னை மன்னிச்சிருங்க மச்சான்."

"அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு. டீ ஆறுது, குடிங்க."

அதிலிருந்து மாதம் ஒருமுறை போய்வருகிறேன். நீர்த்தேக்கத்தில் எவ்வளவு தண்ணீர், பஸ் ஏன் தாமதம், யாருக்கு முட்டி வலி என்று எல்லாம் பேசுவார். போன மாதம் போனபோது அவருடைய மருமகள் வாசலிலேயே சொன்னாள்: "மாமா ஆஸ்பத்திரியிலேருந்து வந்து நாலு நாளுதான் ஆச்சு. நெஞ்சுல ஆப்பரேசன் செஞ்சாங்க. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அதற்கு முந்தின மாதம் நாங்கள் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஆப்பரேசனுக்கு அப்போதே நாள் குறித்தாகிவிட்டது என்றாள்.

உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "ஏன் மச்சான், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவர் போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். "கோவமெல்லாம் இல்ல மச்சான். ஒங்ககிட்ட சொல்ற பழக்கம் விட்டுப்போச்சு."

பிறகு ஜன்னலைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன்.