பதினேழாம் தேதி படுத்துக்கொண்ட நெட்

நத்தானியேல் சார் மனிதர்கள் யாரையும் நம்பமாட்டார். ஆனால் அச்சடித்த காகிதத்தில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவார். இந்த இரண்டு குணங்களும் ஐம்பத்திரண்டு வருஷம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமலே அவருக்குள் குடித்தனம் நடத்தின. 2009-ஆம் வருஷம் ஜூன் மாதம்தான் இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டன.

ஆலங்காயத்துக்காரர். பி.காம். முடித்துவிட்டு, எண்பத்தேழில் ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஒரு ஷூ அப்பர் கம்பெனியில் டைம் கீப்பராக நுழைந்தார். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். அதைத் தைத்து இத்தாலிக்கு அனுப்புவார்கள். அடிப்பாகத்தை அவர்கள் அங்கே ஒட்டிக்கொள்வார்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும் கேட்டில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்ப்பது அவர் வேலை. இருபது வருஷத்தில் தோல் துண்டோடு பிடிபட்டவர்கள் மொத்தம் மூன்று பேர். திருட்டு கம்மி என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளலாம். அவரோ, மிச்சப் பேரெல்லாம் கெட்டிக்காரர்கள் என்று அர்த்தம் செய்துகொண்டார்.

வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டைத் தராசில் வைப்பார். பூட்டிய பூட்டைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். மனைவி ஜெயபுஷ்பம் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "உங்களுக்கு ஜுரம் வந்தா, ஜுரத்த விட்டுட்டு தெர்மாமீட்டர்மேல கேஸ் போடுவீங்க" என்பார். அதில் பொய்யில்லை. ஒருமுறை அவர் மூன்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார்.

பிறகு ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் ஆனார். 2009 ஜனவரியில் முதலாளி ரஃபி அகமது சாம்பிள் செக்‌ஷனுக்கு ஒரு டேட்டா கார்டு வாங்கச் சொன்னார். விரல் நீளம் இருக்கும். கம்ப்யூட்டரில் செருகினால் இன்டர்நெட் வரும். கடைக்காரர் மதியழகன் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்தார். மேலே பெரிய எழுத்தில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தது. அடியில் ஊதா நிறத்தில் ஸ்டாம்ப். நத்தானியேல் சார் டேட்டா கார்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏற்கெனவே யாராவது உபயோகித்ததோ என்று. காகிதத்தில் ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் ஜெனிஃபா. இருபத்துநாலு வயது. ஒவ்வொரு கலர் தோலையும் வெளிச்சத்தில் வைத்து, மேல்பரப்பின் ரேகை தெரிகிற மாதிரி கிட்டக்க போட்டோ எடுத்து, சரக்கு வாங்குகிற இத்தாலி பையருக்கு மெயிலில் அனுப்புவது அவள் வேலை. படம் சின்னதாக இருந்தால் அந்த மனுஷர் திருப்பி அனுப்பிவிடுவார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒழுங்காகப் போவது நத்தானியேல் சாருக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்று.

மார்ச் கடைசியில் வாணியம்பாடிக் கம்பெனி ஒன்றின் ஷோரூமில் தங்கள் டிசைன் மாதிரியே ஒரு செருப்பை அவர் பார்த்தார். பக்கிள் வேறு, தையல் வேறு, கலரும் வேறு. ஆனாலும் "மாதிரியே" என்றார். ஏப்ரல் முதல் தேதி ஓர் உத்தரவு போட்டார்.

கம்பெனியை விட்டு ஒரு தோல் வெளியே போனால் கேட் பாஸ் மூன்று காப்பி எழுதுவார்கள். வெள்ளை சரக்கோடு போகும், ரோஸ் கேட்டில் நிற்கும், மஞ்சள் ஆபீசுக்கு வரும். இருபது வருஷமாக அவர் உயிராய்க் காத்த முறை அது. மெயிலும் கம்பெனியை விட்டு வெளியே போகிற சரக்குதானே?

"ஒவ்வொரு மெயிலும் மூணு காப்பி போவணும்மா. ஒண்ணு பையருக்கு, ஒண்ணு ஆபீஸ் ஐடிக்கு, ஒண்ணு எனக்கு."

"ஒரே மெயில்ல மூணு அட்ரஸும் போட்டுடலாம் சார்."

"போட்டா நாம செக் பண்றது பையருக்குத் தெரிஞ்சிடும். தனித்தனியா அனுப்பு. படத்தோட."

ஜெனிஃபா தனித்தனியாக அனுப்பினாள். மாலை ஐந்தரைக்கு அவள் கம்பெனி வேனில் ஏறிப் போன பிறகு, நத்தானியேல் சார் அதே நாற்காலியில் உட்கார்ந்து தனக்கு வந்த ரோஸ் காப்பியையும் ஆபீஸ் ஐடிக்கு வந்த மஞ்சள் காப்பியையும் ஒவ்வொரு படமாக இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார். இரண்டிலும் அதே தோல்தான் இருக்கும்.

அந்த ஏப்ரல் பதினேழாம் தேதி நெட் படுத்துக்கொண்டது. அறுந்துபோகவில்லை, ஒரு படம் போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. மே மாதம் பிறந்ததும் தானாகவே எழுந்து ஓடியது. மே பத்தொன்பதில் மறுபடி படுத்தது. காவல் போட்ட பிறகுதான் திருட்டு ஆரம்பித்திருக்கிறது என்பதை அவர் கவனிக்காமல் இல்லை. கவனித்து, "துணிஞ்சிட்டாங்க" என்றார்.

யார்? ஜெனிஃபாவின் அக்கா புருஷன் ரெனால்ட் துபாயில் இருந்தான். அவள் சில சமயம் ஸ்கிரீனைப் பார்த்துச் சிரித்தாள். தோலின் போட்டோவைப் பார்த்து எந்தப் பெண் சிரிப்பாள்?

"இன்னாம்மா, துபாய்க்கு எவ்ளோ போவுது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இன்னா சார் போவுது? மாமாவுக்கு ஈஸ்டருக்கு ஒரு கார்டு அனுப்புனேன். அதையும் நீங்க பக்கத்துல நின்னு படிச்சீங்க."

"அது எனக்குத் தெரிஞ்சது. தெரியாதது இன்னான்னு கேக்கறேன்."

"தெரியாதத எப்படி சார் நான் சொல்றது? எனக்கும் தெரியாதே."

இந்தப் பதில் அவருக்கு மிகவும் சந்தேகமாக இருந்தது.

ஜூன் பத்தொன்பதில் விஷயம் முற்றியது. பையர் ஏழு கலருக்குப் படம் கேட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் இரண்டுதான் போயிற்று. மறுநாள் அந்த ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. ரஃபி அகமது கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா நத்தானியேல், அன்லிமிடெட்னு சொல்லித்தானே வாங்கன? பாதி மாசத்துல எங்க போவுது?"

"யாரோ இழுக்கறாங்க முதலாளி."

"யாரோன்னா? அந்த மிஷின்ல ஒக்கார்றது ஒரே பொண்ணு. சும்மா பேஜார் பண்ணாத. வர்ற சனிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். இல்ல, அந்தப் பொண்ண அனுப்பிடு."

ஆம்பூரில் வேலை போவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. தெருவைக் கடந்தால் இன்னொரு கம்பெனி. ஆனால் எந்தக் கம்பெனியும் ஆளை எடுக்குமுன் பழைய கம்பெனிக்கு ஒரு போன் போடும். அந்தப் போனை எடுத்துப் பேசுகிறவர் நத்தானியேல் சார். "கை சுத்தமில்லை" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை அவளுக்குக் கதவு திறக்காது. ஜெனிஃபாவுக்கும் இது தெரியும். அன்று மாலை வேன் ஏறுமுன் அவர் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சார், திருடின்னு மட்டும் சொல்லிடாதீங்க. வேலை தெரியலன்னு வேணா சொல்லிக்குங்க."

"உனக்கு வேலை நல்லா தெரியும்மா. அதான் பிரச்சனை" என்றார் அவர். அவளைப் பாராட்டியது அதுவே முதல் தடவை.

அனுப்புவதென்றால் ஆதாரத்தோடு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியழகனின் கடைக்குப் போனார். எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு இழுத்தார்கள் என்று ஒரு லிஸ்ட் வேண்டும் என்றார்.

"இழுக்கறதாவது சார்! அஞ்சு ஜி.பி. தாண்டுனா ஸ்பீடு கொறைஞ்சிடும். ஒண்ணாந்தேதி மறுபடி ஏறிடும். பிளானே அப்படித்தான்."

"அன்லிமிடெட்னு போட்டிருக்கே?"

"அன்லிமிடெட்தான். நிக்கவே நிக்காது. மெதுவா போகும், அவ்ளோதான்."

"அளவு இல்லைன்னு சொல்லிட்டு அஞ்சுன்னு ஒரு அளவு வெச்சா, அதுக்கு பேரு இன்னாப்பா?"

"அதுக்கு பேரு கண்டிஷன் சார். ரெண்டாம் பக்கம், கடைசி வரி. பக்கத்துலயே உங்க கையெழுத்து இருக்கு பாருங்க."

இருந்தது. எறும்பு வரிசை போன்ற எழுத்துக்குப் பக்கத்தில், 'நத்தானியேல்' என்று சுழித்து, கீழே இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து. அது போலியாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துரதிர்ஷ்டவசமாக அசல்தான்.

சரி, நெட் கம்பெனிக்காரன் ஏமாற்றினான். ஆனால் ஐந்து ஜி.பி.யைப் பதினாறு நாளில் தின்றது யார்? மதியழகன் லிஸ்ட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி பேனாவை எடுத்துக்கொண்டு அதில் இறங்கினார் நத்தானியேல் சார். மார்ச் வரைக்கும் எண்கள் சின்னச் சின்னதாக இருந்தன. ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் பகல் எண்கள் மூன்று மடங்கு. அதோடு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் புதிதாக ஒரு பெரிய எண். ஞாயிறு கிடையாது. புனித வெள்ளி கிடையாது. மே மாதம் தனக்குக் கழுத்துப்பிடிப்பு வந்து இரண்டு நாள் லீவு போட்டாரே, அந்த இரண்டு நாளும் கிடையாது.

ஆறு மணிக்கு ஜெனிஃபா வேனில் பாதி தூரம் போயிருப்பாள். ஆபீசில் இருப்பது ஒரே ஆள். அந்த ஆளை அவருக்கு நன்றாகத் தெரியும், ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஒடுகத்தூர் போகிற பஸ் ஒன்று கிளம்பிற்று, அடுத்து வேலூர் பஸ் ஒன்று. அவர் நின்றுகொண்டே இருந்தார். வாயை மூடிக்கொண்டால் போதும். லிஸ்ட்டை யாரும் கேட்கவில்லை; அதைப் படிக்கத் தெரிந்தவர் கம்பெனியில் அவர் ஒருவர்தான். ஒரு திருட்டைத் தான் ஒருவன் மட்டுமே அறிந்திருப்பது அவருக்குப் புது அனுபவமாக இருந்தது, அவ்வளவு வசதியாகவும் இல்லை.

சனிக்கிழமை காலை முதலாளி அறையில் லிஸ்ட்டை வைத்தார்.

"பொண்ணு இல்ல முதலாளி. நான்தான். மூணு காப்பி போட வெச்சேன். அதை எறக்கியும் பார்த்தேன். கண்டிஷனப் படிக்காம கையெழுத்தும் போட்டேன்."

ரஃபி அகமது லிஸ்ட்டைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"உண்மைய சொல்லு. அந்தப் பொண்ணு உங்க சர்ச்சா?"

"இல்ல முதலாளி. அவங்க மாதா கோயில். நாங்க வேற."

"சொந்தமா?"

"இல்ல."

"அப்ப எதுக்குய்யா அவளுக்காகப் பழிய எடுத்துக்கற? இருபது வருஷமா ஒரு ஆள நல்லவன்னு நீ சொல்லிக் கேட்டதில்ல. இதுல ஏதோ இருக்குது."

உண்மையை நிரூபிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கழுத்துப்பிடிப்புக்குப் போட்ட லீவு லெட்டரைத் தேடி எடுத்து, தேதியை ஒத்துக் காட்டிய பிறகுதான் முதலாளி கொஞ்சம் இறங்கி வந்தார். மூணு காப்பி அன்றோடு நின்றது. பொண்ணு இருக்கட்டும் என்றார். நத்தானியேல் வெளியே போகும்போது, அவர் முதுகை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

சாம்பிள் செக்‌ஷனில் ஜெனிஃபா ஏற்கெனவே தன் டம்ளரையும் சின்ன மாதா படத்தையும் பையில் வைத்துவிட்டிருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதிக் குடுங்க சார்."

"இன்னாம்மா, என்மேல நம்பிக்கை இல்லியா?"

"போன எடுக்கறது நீங்கதானே சார்."

எழுதினார். 'மேற்படி இன்டர்நெட் விவகாரத்தில் செல்வி ஜெனிஃபா மீது எந்தக் குற்றமும் தற்போதைக்கு இல்லை.' தேதி போட்டார். பெயரைச் சுழித்து இரண்டு புள்ளியும் வைத்தார்.

அவள் தாளைக் கையில் எடுத்து, உதடு அசைய, முதல் எழுத்திலிருந்து நிதானமாகப் படித்தாள். பிறகு மேஜைமேல் திரும்ப வைத்து, ஒரு வார்த்தையின் கீழே நகத்தால் கோடு இழுத்தாள்.

"இந்தத் 'தற்போதைக்கு' எதுக்கு சார்? அத அடிங்க. அடிச்ச எடத்துல இன்னொரு கையெழுத்து போடுங்க."

நத்தானியேல் சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அடித்தார்.