ஓர்க்கிட் படத்தில் ஒரு குங்குமப் பொட்டு

சென்ற சனிக்கிழமை மோர்னிங்சைட்டிலிருந்து றிச்மண்ட் ஹில்லுக்குப் போய்வந்தோம். முப்பத்தைந்து கிலோமீற்றர் அளவுதான். ஆனால் கனடாவுக்கு விமானம் ஏறிய அன்றுகூட நான் இப்படிப் பயப்படவில்லை.

காரணம் ஒரு படம். மகள் மதுரா விரும்பும் கெவினின் அப்பா, சீன மை ஓவியம் வரைகிறவர். பிள்ளைகளுக்காக ஓர்க்கிட் பூச்செடி ஒன்று வரைந்து எங்களிடம் தந்திருந்தார். கறுப்பு மையில் நாலைந்து நீண்ட இலை, இரண்டு பூ, மிச்சமெல்லாம் வெறும் தாள். பிடித்திருந்தால் திருப்பிக் கொண்டுவாருங்கள், இருவர் பெயரையும் எழுதித் தருகிறேன் என்றாராம். கலியாணத்துக்கு அவர் இன்னும் வாய்திறந்து சம்மதம் சொல்லவில்லை. பெயர் எழுதினால் அதுதான் சம்மதம் என்று கெவின் சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த கையோடு என் மனைவி அந்த வெறும் இடத்தில் குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் புதுக் கார், புது பிரிட்ஜ், மகளின் லப்டொப் எதுவுமே பொட்டில்லாமல் தப்பியதில்லை. அந்தத் தாளோ ஈரத்தை உறிஞ்சுகிற தாள். பொட்டு ஊறிப் பரவிவிட்டது.

காலை பத்து மணிக்கு வெளிக்கிட்டோம். 401 நெடுஞ்சாலை எடுத்து 404-இல் வடக்கே திரும்பவேண்டும். சனிக்கிழமையானாலும் நெரிசல்தான், ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

"பேவியூப் பிள்ளையார் கோயிலடியிலை ஒருக்கா இறங்கிட்டுப் போவமே?" என்றாள் மனைவி.

"ஏன், இன்னும் கொஞ்சம் குங்குமம் எடுக்கவோ?"

"அப்பா, ப்ளீஸ்," என்றாள் பின்சீற்றில் படத்தை அணைத்தபடி இருந்த மதுரா.

இந்த ஓவியத்தில் இலை ஒரே வீச்சில் வரவேண்டும், திருத்தமுடியாது, வெறும் இடமும் படத்தில் சேர்த்தி என்றெல்லாம் முதல்நாள் வாசித்துத் தொலைத்திருந்தேன். வாசிக்காமலே இருந்திருக்கலாம்.

றிச்மண்ட் ஹில் வீட்டில் கெவினின் அப்பா தாளை மேசையில் விரித்தார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். இது யார் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான் வைச்சனான். பிள்ளையள் நல்லாயிருக்க வேணுமெண்டு," என்றாள் மனைவி. மதுரா மொழிபெயர்த்தாள்.

படம் கெட்டுவிட்டது என்றார், ஒளிக்காமல். இனி இதை வேறு எவருக்கும் கொடுக்கமுடியாது, ஆகவே உங்களுக்குத்தான் என்றார் பிறகு. சிரிக்கவில்லை. பொட்டுக்குக் கீழே கெவினின் பெயரைச் சீனத்தில் எழுதினார். மதுராவின் பெயரைத் தமிழில்தான் எழுதுவேன் என்று நின்றார். அவளிடம் ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கி, பார்த்துப் பார்த்து எழுதினார். இலையை ஒரே வீச்சில் இழுத்தவர் இதில் ஒவ்வொரு கோடாக நின்று நின்று போனார். கடைசியில் 'ரா'வுக்குக் கால் போடவேண்டிய இடத்தில் இன்னொரு 'ர' விழுந்துவிட்டது.

மதுரா வாயெடுக்க, மனைவி அவள் கையை அழுத்தினாள். "பேசாமல் இரு."

சரியா என்று அவர் கேட்டார். முகத்தில் அப்படியொரு பயம்.

"ஓம், கரெக்ட்," என்றாள் மனைவி.

மைப்படம் கொண்டுபோகிறவர்கள் மடிக்காமல் குழாயில் சுருட்டிக்கொண்டு போங்கள். ஈரக்கை படவே கூடாது. இந்தப் படம் கலியாண மண்டப வாசலில் இருக்கும். "மதுரர" என்று வாசித்து, அவருக்கு முன்னால் யாராவது திருத்தினால் சாப்பாடு கிடையாது.