மாலையிடப்படாத படம்

எனது நாடகநூல் மறுபதிப்புக்குச் செல்கின்றது. அதன் இறுதிக் காட்சியைப் போற்றுவோர் அப்புகழை எனக்கே உரித்தாக்குகின்றனர். அக்காட்சி என்னுடையதன்று. இதனை முதற்பதிப்பிலேயே சொல்லியிருத்தல் வேண்டும்; சொல்லாது விட்டேன். ஆதலால், இப்பதிப்பு அச்சேறுமுன் நடந்ததை எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

தெல்லிப்பழையில் ஒரு சிற்றாலய மண்டபத்தில், ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்தபின் ஒத்திகைக்குக் கூடுவோம். குழுவில் நாங்கள் ஐவரே. கண்ணுக்குப் புலப்படாதது உளதா, இலதா என்பதே நாடகத்தின் வினா. தொலைதேசம் சென்ற தமையனின் படத்தோடு தங்கை ஒருத்தி வாதிடுகின்றாள். இறுதியில் அவன் இறந்த செய்தி வருகின்றது. அவள் படத்துக்கு மாலையிட்டு, "உளதாயிருந்தது இலதாயிற்று, இனிக் காத்திருத்தல் வேண்டா" என்கின்றாள்.

முழுவதையும் செந்தமிழில் யாத்திருந்தேன். தூதுவனாக நடித்த வங்கி அலுவலர் ஒருநாள், "சேர், உந்த வசனத்துக்கு நடுவிலை ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வரலாமோ?" என்றார்.

"குடிச்சிட்டு வாரும். பயனிலை ஓடிப்போகாது" என்றேன்.

தங்கையாக நடித்தவர் இணுவிலைச் சேர்ந்த தாதி ஒருவர். கடையில் வாங்கிய படத்தைப் பார்த்து அவர் பேசியது எனக்கு உயிரற்றுத் தோன்றியது. அறிந்த முகம் ஒன்று வேண்டும் என வற்புறுத்தினேன். அடுத்த ஞாயிறு தம் தமையனின் படத்தைக் கொண்டுவந்தார். அத்தமையன் போரின் இறுதியில் காணாமற்போனவர்.

"படம் தாறன், சேர். ஆனால் மாலை போடுற இடத்திலை பழைய படத்தை மாத்தி வையுங்கோ. வீட்டிலை அண்ணைக்கு நாங்கள் மாலை போடேல்லை."

மாலையிட்டால் இறந்தாரென ஒப்புக்கொண்டதாகும். அத்தகைய வீடுகள் எங்கள் ஊர்களில் பல. "ஓம், மாத்துவம்" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் மேடையேற்றிய நாளன்று, அரங்கை ஒழுங்குசெய்தவர் கடைப் படத்தோடு வந்து, "கடைசிக் காட்சிக்கு இதைத்தானே மாட்டுறது?" என்று கேட்டார். உயிரோடிருந்தவனுக்கு ஒரு முகமும் இறந்தவனுக்கு வேறொரு முகமும் அமைந்தால் என் தருக்கம் உடையும் என்று பட்டது. "வேண்டாம், இருக்கிறதே இருக்கட்டும்" என்றேன். மறதியன்று, அறிந்தே செய்தேன். தாதியிடம் சொல்லவுமில்லை. மேடையில் நின்றபின் மறுக்கமாட்டார் எனக் கணித்தேன்.

இறுதிக் காட்சியில் அவர் மாலையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். படத்தைக் கண்டதும் அசையாது நின்றார். அவர் வசனத்தை மறந்துவிட்டார் என்பதுபோல் திரைமறைவிலிருந்து நானே இருமுறை எடுத்துக்கொடுத்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. மாலையைத் தட்டிலேயே வைத்தார். "நான் பாத்துக்கொண்டிருப்பன், அண்ணை" என்று வீட்டுப் பேச்சிலேயே சொல்லி, கதிரையில் அமர்ந்தார். திரை விழுந்தது. கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று.

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மேடைக்கே வந்து என் கையைப் பற்றினார். "கடைசியிலை பேச்சுத் தமிழுக்கு இறங்கினீர் பாரும், அங்கைதான் உம்மடை மூளை தெரியுது!"

"நன்றி" என்றேன்.

சற்றுத் தள்ளி, தாதி படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பையில் வைத்தார். "மாத்துவம் எண்டனீங்கள், சேர்" என்றார். அதன்பின் ஒத்திகைக்கு வரவில்லை.

நூலை அச்சிட்டபோது அவர் சொற்களை என் சொற்களாகவே சேர்த்தேன். மன்னிப்பும் பெயர் குறிக்க இசைவும் வேண்டி அண்மையில் மடல் எழுதினேன். மறுமொழி இல்லை, ஆதலால் இங்குப் பெயர் குறிக்கவில்லை. அவர் எனக்குத் தராததை நான் வைத்திருத்தல் ஆகாது. நான் முதலில் எழுதிய முடிவையே மறுபதிப்பில் அச்சிடக் கேட்டுள்ளேன். அது தாழ்ந்த முடிவு என்பதை அறிவேன்.

மாலையைத் தட்டில் வைத்தார் என்று எழுதியுள்ளேன். ஒளியமைத்தவரோ, திரை விழும்வரை அது அவர் மடியிலேயே கிடந்தது என்கின்றார். அன்று அரங்கில் இருந்தோர் இதிலும் பிறவற்றிலும் பிழை காணின் எழுதித் திருத்துமாறு வேண்டுகின்றேன். அத்தாதியே எழுதுவாராயின், என் கூற்றை நீக்கி அவர் கூற்றையே கொள்க.