அம்மாவுக்கு நான் அவித்த நூடில்ஸ்

றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்தெடுக்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி. எடையைக் குறைத்துவிடலாமென்ற ஆசையில், மாச்சத்தே இல்லாத ஒருவகைக் கிழங்கின் நாரில் செய்த கலோரி குறைந்த நூடில்ஸ் வாங்கி, ஒருநாள் காலை ரொட்டிக்குப் பதிலாக அவித்துக் கொடுத்தேன். வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு மலைக்குப் போனவர், இரத்தத்தில் சீனி இறங்கி, வேர்த்து, கை நடுங்கிச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கேள்விப்பட்டு ஓடினேன். கூட வேலை செய்யும் செல்வியக்கா சீனி போட்ட தேத்தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார்.

“என்னடி, அம்மாவுக்கு றப்பரையா அவிச்சுக் குடுத்த?”

“சும்மா இரு செல்வி. புள்ள ஆசையா செஞ்சிச்சு” என்றார் அம்மா, சோர்ந்த குரலில்.

நான் அம்மாவின் கொழுந்துக் கூடையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

இப்போது கிளினிக்கில் கேட்காமல் அம்மாவின் சாப்பாட்டை மாற்றுவதில்லை. வேலை நாளில் ரொட்டியும் பருப்பும்தான். எடை மெதுவாகவே குறையட்டும். மாலையில் அவர் நடந்து வீடு வந்தால் போதும்.