தங்கைக்குக் கிடைத்த கொடுப்பனவு

பிரதேச செயலகத்தில் நலன்புரிக் கொடுப்பனவு மேன்முறையீட்டு மேசைக்கு என்னை மாற்றிய முதல் நாளே ஆரையம்பதிப் பாக்கியம் வந்துவிட்டார். கணவரை இழந்தவர். அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள்.

“உங்களுக்குத் தரச்சொல்லி மேன்முறையீடு எழுதுவமா அம்மா?”

“அது கிடக்கட்டும் மிஸ். பக்கத்து வளவில என்ட தங்கச்சி சரசுக்குக் கிடைச்சிரிக்கு. முதல்ல அத நிப்பாட்டுங்க.”

அடுத்தவருக்குக் கொடுப்பதை எதிர்த்து ஆட்சேபனை போட விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவருக்கு அக்கா, தங்கை இல்லைப் போலும். ஒருவாறு சமாளித்து மேன்முறையீட்டையே எழுதினேன்.

பிறகு கள ஆய்வுக்குப் போனேன். பாக்கியம் நல்ல சேலை உடுத்தி, கல்வீட்டின் முன்மண்டபத்தில் மெத்தைக் கதிரையில் என்னை இருத்தி, சோடா உடைத்துத் தந்தார். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போய்விடும். தாய் அதே வளவின் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார். ஆனால் வந்தவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போனால் மரியாதை என்னாவது? முதல் ஆய்வுக்கு வந்தவரும் இதே கதிரையில் இருந்துதான் ‘வசதியான வீடு’ என்று எழுதியிருக்க வேண்டும்.

“நீங்க படுக்கிறது எங்க அம்மா?”

“இஞ்சதான் மிஸ். இவ்வளவு பெரிய வீடு இரிக்கே.”

வேலியடியில் நின்ற சரசுவுக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார். சரசுவுக்குப் பொறுக்கவில்லை.

“என்ன பவுசு கா இது! எனக்கு ஒருநாளும் ஒரு மிடறு சோடா தந்ததில்ல. மிஸ், அது மகள்ட வீடு. இவ படுக்கிறது பின்னால ஓலைக் குசினிக்குள்ள. மழைக்கு ஒழுகும். இரவிரவா பாயச் சுருட்டிக்கிட்டுக் குந்தியிருப்பா. போய்ப் பாருங்க!”

போய்ப் பார்த்தேன். அந்தச் சமையல் கொட்டில் அப்படியேதான் இருந்தது. பாக்கியம் அவமானத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் தங்கை கொழும்பில் இருக்கிறாள். நான் எங்கே படுக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. இந்த இருவரையும் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது.

கண்டதையும் சரசு சொன்னதையும் அப்படியே அறிக்கையில் எழுதினேன். மேன்முறையீடு வென்றது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முன்மண்டபத்தில் இருந்தபடி அறிக்கை எழுதாதீர்கள். வேலிப்பக்கமும் போய்க் கேளுங்கள்.

முடிவைக் கேட்க வந்த பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேசைக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அவள் சொல்லித்தான் கிடைச்சது எண்டு அவளுக்கு மட்டும் தெரியவேணாம் மிஸ். சாகும்வரைக்கும் சொல்லிக்காட்டுவாள்.”