அன்வரி பேகத்தின் கொல்லைப் பந்தல்

அபிராமபுரத்திலும் மந்தைவெளியிலும் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பந்தல் போட்டு மறைப்புக் கட்டிக் கொடுத்த வீடு அது. அந்த வீட்டுக் கொல்லைக்குத்தான் மறைப்பு இல்லை.

வீட்டுக்காரர் பீர் முஹம்மது ஷாமியானா வாடகைக்கு விடுகிறவர். அவர் மனைவி அன்வரி பேகம் பதினேழு வயதில் திருவல்லிக்கேணியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த முதல் வாரமே மாமியார் அவள் கையில் கோணி ஊசியைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இருபத்து நாலு வருஷம், கிழிந்த ஷாமியானா எல்லாம் அவள் கையால்தான் ஒட்டுப் போட்டுக்கொண்டு வெளியே போயிற்று. துணி உலர்த்த இடம் வேண்டும் என்பதற்காகவே பெரிய கொல்லை. நடுவில் கிணறு, இரண்டு ஓரத்திலும் தென்னை. கொல்லையில் அவள் தலையில் முந்தானை போட்டுக்கொண்டதில்லை. எதற்குப் போட வேண்டும்? அது அவள் வீடு.

தொண்ணூற்று மூன்றில் பக்கத்து ஓட்டு வீட்டை இடித்தார்கள். அந்த இடத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு வந்தது. இரண்டாவது மாடி பால்கனி சரியாகக் கிணற்றைப் பார்த்த மாதிரி அமைந்தது. அதில் சுந்தரராமன் வந்து குடியேறினார்.

சுந்தரராமன் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம். அவர் அரசாங்க ஆபீசில் சூப்பரின்டென்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் நாற்பது பேரைக் கண்காணித்த கண்ணுக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போய்விட்டது. கிடைத்தது அன்வரி பேகத்தின் கொல்லை. காலையில் காபி டம்ளரோடு பால்கனிக்கு வந்தால் பதினொரு மணிக்குத்தான் உள்ளே போவார்.

"பேகம்! அந்த வெளிறின துணியைத் தனியா நனைச்சிருக்கணும். சாயம் ஒட்டிண்டுடுத்து பாருங்கோ!"

"என்ன பேகம், நேத்து சாயந்திரம் உங்க அண்ணா வந்திருந்தார் போல? ஏதோ பலமா வாக்குவாதம்?"

அத்தோடு நின்றால் பரவாயில்லை. பார்த்ததை அவர் மனசுக்குள் வைத்துக்கொள்ளமாட்டார். தெருமுனை இஸ்திரி வண்டி தங்கவேலிடம் சொல்வார். சாயங்காலம் கல்யாண மண்டப ஆபீசுக்கு ஓசிப் பேப்பர் படிக்கப் போனால் அங்கே மேனேஜர் பரத்வாஜிடம் சொல்வார். அன்வரி பேகம் வீட்டு விஷயம் அன்வரி பேகத்துக்குத் தெரியும் முன்னால் தெருவுக்குத் தெரிந்தது.

இரண்டு வருஷம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது தொண்ணூற்றாறு ஆடி மாசம்.

அதற்கு முந்தின ஆனியில், கடைசி முகூர்த்தத்துக்குப் பந்தல் கட்டும்போது ஏணி சறுக்கிப் பீர் முஹம்மதுக்கு வலது கால் முறிந்தது. மாவுக்கட்டு. மூன்று மாசம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆவணி முதல் வாரத்தில் ஒரே நாளில் மூன்று கல்யாணம் இருந்தது. அபிராமபுரம், மந்தைவெளி, தி. நகர் என்று மூன்று மண்டபம், மூன்றுக்கும் பரத்வாஜ்தான் மேனேஜர். அவர் வீட்டுக்கே வந்து, கட்டிலருகில் உட்கார்ந்து, தர்மசங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார்.

"பாய், ஆளுங்க கட்டிடுவாங்க, அது தெரியும். ஆனா மூணு இடத்துக்கும் மாத்தி மாத்தி ஓடி, நின்னு பாக்க ஒருத்தர் வேணுமே. அய்யாதுரை ஸ்கூட்டர் வெச்சிருக்கான். தினம் வந்து கேக்கறான்."

"நான் பாத்துக்கறேன்" என்றாள் அன்வரி பேகம்.

பரத்வாஜ் அவளைப் பார்த்தார். "எப்படிம்மா? பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டா?"

"இவரு வண்டி சும்மாதானே நிக்குது."

பரத்வாஜ் சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். "ஆவணி ஒண்ணாம் தேதி காலையில மண்டபத்துக்கு வண்டியில வந்து இறங்குங்க. அன்னிக்கே மூணும் உங்களுக்கு எழுதிடறேன். வரலேன்னா அய்யாதுரைக்கு. என்னைத் தப்பா நினைக்கக் கூடாது" என்றார்.

மூன்று மண்டபமும் கைவிட்டுப் போனால் அப்புறம் திரும்பி வராது. ஷாமியானா தொழிலில் ஒரு முகூர்த்தம் விட்டுப் போனவனை அடுத்த முகூர்த்தத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கையில் இருந்தது ஆடி மாசம் ஒன்றுதான்.

வண்டி பழைய மொபெட். பெடல் உள்ளது. இஞ்சினைப் போடாமல் சைக்கிள் மாதிரி மிதித்தே ஓட்டலாம். "முதல்ல பேலன்ஸ் வரட்டும்" என்றார் பீர் முஹம்மது. கட்டிலைப் பின்வாசலுக்கு நகர்த்தச் சொல்லி அங்கிருந்தே பாடம் நடத்தினார். அன்வரி பேகம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றைச் சுற்றி மிதிக்க ஆரம்பித்தாள். கால் சுற்று வந்தாள். அரைச் சுற்று வந்தாள்.

"பேகம்! இடது பக்கம் சாயறேள்!"

மேலேயிருந்து குரல் வந்ததும் அவள் கை ஹேண்டில்பாரை விட்டுவிட்டு முந்தானையைத் தேடித் தலைக்குப் போயிற்று. வண்டி தென்னை மரத்தில் போய் மோதியது. அவள் கீழே கிடந்தாள்.

"நான் சொன்னேனோல்லியோ?" என்றார் சுந்தரராமன்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். குரல் கேட்டால் கை தலைக்குப் போகும், கை போனால் வண்டி போகும். முழங்கை இரண்டும் தோலுரிந்தது. நாலாம் நாள் இஸ்திரிக்குத் துணி போடப் போனால் தங்கவேல் கரிப்பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "இன்னாம்மா, டெய்லி கெணத்தாண்ட வண்டியோட வுயிந்துக்கினு கீறியாமே? உனுக்கு ஏம்மா இந்த வேலை?"

மண்டபத்துக்கும் சேதி போயிருந்தது. அய்யாதுரை இப்போதே மண்டப வாசலை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனானாம்.

"தலையில பின் குத்திக்கிட்டு ஓட்டேன், அன்வரி" என்றார் பீர் முஹம்மது.

"ரோட்டுக்குப் போறப்ப குத்திக்கறேன். என் கொல்லையில நான் ஏங்க பின் குத்தணும்?" என்றாள். அழுகை வரும் போலிருந்தது. அவள் அழவில்லை, கோபம் முந்திக்கொண்டது. நேரே கிணற்றடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துக் கேட்டுவிட்டாள்: "சார், நான் கத்துக்கற நேரம் மட்டும் நீங்க கொஞ்சம் உள்ள இருந்தீங்கன்னா நல்லாருக்கும்."

சுந்தரராமனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நான் என் பால்கனியிலன்னா நிக்கறேன்? ஒத்தாசையாத்தானே சொல்றேன்?"

அன்று மத்தியானமே அவள் பக்கத் தடுப்புத் துணிகளை எடுத்தாள். கல்யாணப் பந்தியை மறைக்கச் சுற்றிலும் கட்டுகிற நீளத் துணி. ஆடியில் கல்யாணம் இல்லாததால் அத்தனையும் வீட்டில் மூட்டையாகக் கிடந்தது. தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, ஆள் உயரத்துக்கு மேல் தொங்கவிட்டு, ஒரு இடுக்கு இல்லாமல் முடித்தாள். பெருமையோடு வண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"துணி நன்னா காயறது, பேகம்!" என்று வானத்திலிருந்து குரல் வந்தது.

இருபத்து நாலு வருஷத் தொழிலில் அவள் மறைத்ததெல்லாம் தரையில் நடக்கிறவர் கண்ணைத்தான். மாடியில் நிற்கிறவரை மறைக்க வேண்டிய அவசியம் எந்தக் கல்யாணத்திலும் வந்ததில்லை. பின்வாசல் கட்டிலில் பீர் முஹம்மது மாவுக்கட்டுக் கால் குலுங்கச் சிரித்தார். அவளும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கூரை போடணுங்க" என்றாள்.

"கலர்க் கூரையெல்லாம் அம்மன் கோயிலுக்கு வாடகைக்குப் போயிருக்கே. கூழ் ஊத்தறாங்க ஊரெல்லாம்."

"வெள்ளை இருக்குல்ல?"

வெள்ளைக் கூரை இருந்தது. மறுநாள் வியாழக்கிழமை காலை, அவள் அண்ணன் தன்னைப் போலவே தொப்பியும் லுங்கியுமாக மூன்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு மூங்கில்களோடு வந்து சேர்ந்தார். அவள்தான் நின்று கட்ட வைத்தாள். ஆடிக் காற்று அடிக்கிற நாள் அது. இறுக்கிக் கட்டினால் துணி கிழியும், தளர விட்டால் தூக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு முடிச்சையும் அவளே இழுத்துப் பார்த்தாள். பத்து மணிக்குள் கிணறு, தென்னை மரத்தடி, துவைகல் எல்லாவற்றையும் மூடி வெள்ளைப் பந்தல் நின்றது. ராத்திரி கால் வலிக்கு மாத்திரை தின்ற பீர் முஹம்மது உள்ளறைக்குப் போய் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் மேலேயிருந்து சுந்தரராமன் பார்த்தார். தொப்பி போட்ட நாலு பேர். மூங்கில். கட்டிலில் பீர் முஹம்மதைக் காணோம். அன்வரி பேகம் துக்கத்தை அடக்கிக்கொண்டு தானே முடிச்சு இழுத்துப் பார்க்கிறாள். வெள்ளை ஷாமியானா. ஆடி மாசத்தில் ஒரு வீட்டில் திடீரென்று வெள்ளைப் பந்தல் எழும்பினால் அது எதற்கு என்று இந்த ஊரில் யாரும் கேட்கவேண்டியதில்லை. சுந்தரராமனும் கேட்கவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு. ஒரு வார்த்தை கீழே இறங்கி வந்து விசாரித்திருக்கலாம். கண்ணால் பார்த்ததற்கு மேல் சாட்சி எதற்கு என்று நினைத்துவிட்டார்.

"பாய் போயிட்டார்" என்று டெலிபோனில் பரத்வாஜிடம் சொன்னார். குரல் தழுதழுத்தது, அதுவும் உண்மை. பிறகு தங்கவேலிடம் சொன்னார். மளிகைக் கடையில் சொன்னார். பால் பூத்தில் சொன்னார்.

பதினோரு மணிக்கு வாசலில் கூட்டம். தங்கவேல் வண்டியை அப்படியே போட்டுவிட்டு, "நைனா, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே!" என்று கதறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தான். பின்னால் பரத்வாஜ். அவர் பின்னால் தொழில் எதிரி அய்யாதுரை, தோளளவு ரோஜா மாலையோடு. எல்லாருக்கும் பின்னால், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுந்தரராமனும் அவர் மனைவி காமாக்ஷியும்.

பீர் முஹம்மது அப்போதுதான் எழுந்து, காலை நீட்டி உட்கார்ந்து, டீயில் ரஸ்க்கைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

ரஸ்க் டீக்குள் உடைந்து விழுந்தது.

"வா, அய்யாதுரை" என்றார் பீர் முஹம்மது. "மாலை யாருக்கு?"

"உங்களுக்குத்தான் பாய்" என்று உளறிவிட்டு அய்யாதுரை மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். கடைசியில் பீர் முஹம்மதே வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தங்கவேல் அழுத கண்ணோடு திரும்பிச் சுந்தரராமனைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். நாற்பது பேரைக் கண்காணித்தவரை அன்றுதான் நாற்பது பேர் சேர்ந்து பார்த்தது.

"அந்தப் பந்தல்..." என்று இழுத்தார் அவர்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு சார், அதான்" என்றாள் அன்வரி பேகம். தலையில் முந்தானை ஒழுங்காக இருந்தது.

காமாக்ஷிக்கு முகம் சுண்டிப் போயிற்று. படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள். "உசிரோட இருக்கறவருக்கு மாலை வாங்க வெச்சுட்டேளே! இனிமே அந்தப் பால்கனிப் பக்கம் போய்ப் பாருங்கோ, சொல்றேன்!" மறுநாளே பால்கனிக்கு மேலிருந்து கீழ்வரை மூங்கில் தட்டி வந்தது. காமாக்ஷி வாங்கி மாட்டியது.

ஆக, பந்தல் ஒன்று, தட்டி ஒன்று என்று அன்வரி பேகத்துக்கு இரட்டை மறைப்பு. அவள் தலையில் எதுவும் போடாமல் கிணற்றைச் சுற்றினாள். இரண்டு நாளில் முழுச் சுற்று வந்தது. ஒரு வாரத்தில் ஒரு கையை விட்டு மூக்கைச் சொறிந்துகொள்ள முடிந்தது. ஆடி இருபதுக்கு மேல் இஞ்சினைப் போட்டாள். பந்தலுக்குள் புகை சூழ்ந்து பீர் முஹம்மது இருமினார். இருமிக்கொண்டே கை தட்டினார்.

டுர்ரென்ற சத்தம் தட்டியைத் தாண்டிச் சுந்தரராமனுக்கும் கேட்டது. என்ன சத்தம் என்றும் தெரிந்தது. யாரிடம் சொல்வது? "பேகம் ஆத்துல வண்டி ஓடறது" என்று ஒரு தடவை தங்கவேலிடம் ஆரம்பித்தார். தங்கவேல் பெட்டியை மடித்த வேட்டியின் மேல் அழுத்தித் தேய்த்துக்கொண்டே, "ஆமா சாமி, பாய் மேல்லேர்ந்து வந்து ஓட்றாராங்காட்டியும்" என்றான்.

ஆவணி ஒன்றாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு அன்வரி பேகம் முந்தானையைத் தலையில் போட்டு, இரண்டு பக்கமும் பின் குத்திக்கொண்டாள். அளவு டேப்பைக் கூடையில் வைத்தாள். பீர் முஹம்மது கட்டையை ஊன்றி ஒற்றைக் காலில் வாசல் வரை வந்தார். "பிஸ்மில்லா சொல்லிக் கிளம்பு" என்றார். அவள் சொன்னாள். கிளம்பினாள்.

கொல்லையில் வலது பக்கம் சுற்றியே பழகினவளுக்கு இடது திருப்பம் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. திரும்பினாள். எதிரே பால் பாக்கெட்டோடு சுந்தரராமன் வந்துகொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தார்.

"பேகம்!"

அவள் கை இரண்டும் ஹேண்டில்பாரை விட்டு நகரவில்லை. கட்டை விரலால் ஹாரனை மட்டும் ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள்.

அவருக்குத் தாங்கவில்லை. இந்தச் சேதியை யாரிடமும் சொல்லாமல் இருந்தால் வெடித்துவிடுவார். மூச்சிரைக்க மாடியேறி, பாலைக் கூடக் கீழே வைக்காமல் மண்டபத்துக்கு டெலிபோன் போட்டார்.

மண்டப ஆபீசில் அய்யாதுரை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். மேஜைமேல் ஆர்டர் புத்தகம் திறந்திருந்தது. பரத்வாஜ் பேனா மூடியைக் கழற்றியபோதுதான் டெலிபோன் அடித்தது.

"பரத்வாஜ்! பேகம் வரா! மொபெட்ல வரா! நானே என் கண்ணால பாத்தேன்!"

"போங்க சார்" என்றார் பரத்வாஜ். "போன மாசம் அவங்க வீட்டுக்காரரையே கண்ணால பாத்து அனுப்பி வெச்சீங்க."

ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே, மண்டப வாசலில், அன்வரி பேகம் மொபெட்டை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, டேப்பின் ஒரு நுனியைத் தூணில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அய்யாதுரை" என்று அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "சும்மாதானே உக்காந்திருக்கே? வந்து இந்தப் பக்கம் கொஞ்சம் பிடி."