காலடி படாத இட்டேரி

"மனிதக் காலடி படாத அமைதிப் பள்ளத்தாக்கு" என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதற்கு நேர் கீழே என் அம்மா காலூன்றி நிற்கிற மாதிரி ஒரு படத்தைப் போட்டிருக்கிறார்கள். சென்ற மாதம் ஊருக்குப் போனபோதுதான் பார்த்தேன். கோவையிலிருந்து மேற்கே வரும் டவுன் பஸ் திரும்புகிற இடத்தில், மலைநடைப் பாதை இங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பலகை. படத்தில் அம்மா முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். தலையில் பூக்கூடை. வாய் திறந்து பல் தெரிகிறது. "புன்னகையோடு வரவேற்கும் மலையடிவார மக்கள்" என்று விளக்கம் வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதன்மேல் எறிய ஒரு கல்லை எடுத்துவிட்டு, பிறகுதான் கீழே போட்டேன். அம்மா அன்றைக்கு யாரையும் வரவேற்கவில்லை. சிரிக்கவும் இல்லை. எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன். படத்தில் என்னை வெட்டிவிட்டார்கள். அவள் சேலையைப் பிடித்திருக்கிற ஒரு சின்னக் கை மட்டும் ஓரத்தில் மிச்சமிருக்கிறது.

அந்தப் பாதைக்கு எங்கள் ஊரில் இட்டேரி என்று பெயர். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் தொடங்கி, பாக்குத் தோப்புகளை ஒட்டிப் போய், பள்ளத்தில் இறங்கும். ஓடையை நாங்கள் பள்ளம் என்றுதான் சொல்வோம். அதில் கால் வைத்துத் தாண்ட வரிசையாகக் கல் போட்டிருக்கும். அந்தக் கற்களை அங்கே புரட்டிப் போட்டவர் என் அப்பாவின் அப்பா. தாண்டி ஏறினால் மலைச் சரிவு, சரிவின் பாதியில் எங்கள் கல்லறைத் தோட்டம், அதை ஒட்டி ஒரு சிற்றாலயம். தோப்பு வேலைக்குப் போனவர்கள், ஆடு மேய்த்தவர்கள், விறகு சுமந்தவர்கள் எல்லாரும் அதில்தான் நடந்தார்கள். நடக்க முடியாமல் போனவர்களைத் தூக்கிக்கொண்டு போனதும் அதில்தான். காலடி படாமல் பாதை எப்படி உண்டாகும் என்று எழுதிய புண்ணியவானுக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லாரும்தான் 'ங்க' போட்டுப் பேசுவார்கள். ஆனால் அம்மா அதில் தனி ரகம். வீட்டில் என்னைக் கழுதை என்பாள், எருமை என்பாள், வாடி போடி என்பாள். அவளுடைய தம்பி, அதாவது என் மாமாவை, "வாடா தின்னிப் பண்டாரம்" என்றுதான் வரவேற்பாள். மாமாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து இரண்டு தட்டு சோறு சாப்பிடுவார். என்றைக்காவது அபூர்வமாக அம்மா, "வாங்க தம்பி, உக்காருங்க, சௌக்கியமுங்களா?" என்பாள். அன்றைக்கு மாமா உட்காராமலேயே, விட்ட செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விடுவார். மாமாவுக்கு அவசர வேலை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வருடம் சித்திரையில் அப்பா இறந்துபோனார். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அப்பாவுக்கு முதல் கல்லறைத் திருநாள். சாயங்காலம் நான்கு மணிக்கு மந்திரிப்பு. பங்குத் தந்தைக்கு அன்றைக்கு மட்டும் மூன்று கல்லறைத் தோட்டங்கள் உண்டு. அவர் வருவார், சிற்றாலய மணி அடிக்கும், ஆள் நிற்கிற கல்லறைகளாகப் பார்த்துத் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்வார், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். பிந்தினால் அடுத்த வருடம்தான். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் செவ்வந்தியும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கே இட்டேரியில் இறங்கினோம்.

வேலி நெடுக மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. நாங்கள் துணி துவைக்கிற கல்லில் ஓர் அம்புக்குறி வரைந்திருந்தது. பள்ளத்துக்குப் போனால் ஒரே கூட்டம். எல்லாரும் ஒரே நிறப் பனியன், முதுகில் பை, கையில் ஊன்றுகோல். கோவையிலிருந்து மலைநடைக்கு வந்தவர்கள். என் தாத்தா போட்ட கற்களின்மேல் வரிசையாக ஏறிப் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். கழுத்தில் விசில் மாட்டிய ஓர் இளைஞன் கையை நீட்டி எங்களைத் தடுத்தான்.

"ஏனுங்க தம்பி, அக்கட்டால போகோணுமுங்க" என்றாள் அம்மா.

"பத்தே நிமிசம்ங்கம்மா. குரூப் போட்டோ எடுக்கறாங்க. இப்ப எறங்குனீங்கன்னா ஃபிரேம்ல வந்துருவீங்க."

எங்கள் ஊர்ப் பக்கம் வழியை மறிப்பதென்றாலும் மரியாதையாகத்தான் மறிப்பார்கள். "சரிங்க" என்று அம்மா ஓரமாக நின்றாள். எங்கள் பள்ளத்தில், எங்கள் கல்லில், யாரோ வந்து நின்றுகொண்டு பத்து நிமிடம் என்கிறான். இவள் சரிங்க என்கிறாள்.

பத்து நிமிடம் முடியவில்லை. படம் எடுக்கிறவர் ஒருமுறை வெயில் சரியில்லை என்றார், ஒருமுறை யாரோ கண்ணை மூடிவிட்டார் என்றார். தொப்பி போட்ட ஓர் அம்மாள், "என்னா அமைதி! ஒரு மனுசர் இல்ல பாருங்க" என்று கூடவந்தவரிடம் சொன்னார். நாங்கள் அவருக்கு மூன்றடி தூரத்தில் நின்றிருந்தோம். பிறகு எப்படியோ நான் கண்ணில் பட்டேன். குனிந்து, "பாப்பா, நீ இங்க என்ன பாக்க வந்தே?" என்று கேட்டார்.

"எங்கப்பாவப் பாக்கங்க."

"ஓ! அப்பா அந்தப் பக்கம் வேலை செய்யறாரா?"

நான் ஆமாங்க என்றேன். அவர் ஒரு பிஸ்கட் கொடுத்தார். நான் அதைத் தின்றும்விட்டேன். அந்தப் பிஸ்கட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

அம்மா மறுபடியும் விசில்காரனிடம் போனாள். "ஏனுங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. கல்லறை மந்திரிப்புங்க. எங்கூட்டுக்காரருக்கு மொதல் வருசமுங்க. நாங்க ரெண்டு பேருதானுங்க, சட்டுனு தாண்டிப் போயிருவமுங்க."

எத்தனை 'ங்க' என்று எண்ணிப் பார்க்கிற வயதாக இருந்திருந்தால் எண்ணியிருப்பேன். எனக்கு அது கெஞ்சலாகத்தான் கேட்டது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "ரொம்ப அவசரம்னா ரோட்டு வழியா சுத்திப் போயிருங்களேம்மா" என்றான். சாலை வழி மலையைச் சுற்றிக்கொண்டு போகும், பஸ்ஸும் கிடையாது. நடந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் மேலே சிற்றாலய மணி அடித்தது.

அம்மா கூடையைத் தலையில் வைத்தாள். "ரொம்பச் சந்தோசமுங்க தம்பி. வழி சொன்னீங்க பாருங்க, நீங்க நல்லா இருக்கோணுமுங்க. உங்க புள்ளகுட்டிக நல்லா இருக்கோணுமுங்க சாமி" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் கையை அந்தச் சேலையில் பிடிக்கவைத்து, கல்லில் இடமில்லாததால் தண்ணீரிலேயே இறங்கிவிட்டாள். மழைக்காலத் தண்ணீர் எனக்குத் தொடை வரை வந்து இழுத்தது. அவன் விசிலை ஊதினான். படம் எடுக்கிறவர் கத்தினார். எதிர்க்கரையில் பைகளை வைத்துக்கொண்டு அடைத்து நின்றவர்களைப் பார்த்து அம்மா ஒவ்வொருவராக, "நகருங்க சாமி, நகருங்க கண்ணு, கொஞ்சம் நகருங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். பல் கடிபட்டிருந்தது. பலகையில் இருக்கிற படம் அப்போது எடுத்ததுதான். அதில் தெரிகிற புன்னகை, 'நகருங்க' என்று சொல்கிற வாய்.

அவர்கள் நகர்ந்தார்கள். பிறகு சரிவில் ஓடினோம். நான் இரண்டு முறை விழுந்தேன், அம்மா ஒரு முறை. செவ்வந்தி பாதி கொட்டிவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது பங்குத் தந்தையின் பைக் சத்தம் அந்தப் பக்கத்து இறக்கத்தில் கேட்டது. மத்தியானமே வந்துவிட்ட மற்றக் குடும்பங்களெல்லாம் மெழுகுவத்தி ஏற்றிவைத்து முணுமுணுவென்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆள் நின்ற கல்லறைகளெல்லாம் நனைந்திருந்தன. அப்பாவின் மண் காய்ந்து கிடந்தது.

அம்மா அழவில்லை. நனைந்த முந்தானையால் சிலுவையில் இருந்த தூசியைத் துடைத்தாள். பூவை வைத்தாள். காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை. நான்கு முறை ஏற்றினாள். நான் உதவவில்லை. தள்ளி நின்று, ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு, முறைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்தின்மேல் இருந்த கோபம் எல்லாம் எப்படியோ அம்மாவின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர்களிடம் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. அம்மாவிடம் காட்டுவதற்கு எப்போதும் தைரியம் இருந்தது.

திரும்பும்போது பள்ளத்தில் யாரும் இல்லை. தாத்தாவின் கற்களில் வசதியாகக் கால் வைத்துத் தாண்டினோம். தாண்டி முடித்ததும் நான் சொன்னேன்: "நீ மொதல்லயே நல்லா வஞ்சு உட்டிருந்தா நேரத்துக்குப் போயிருக்கலாம். அவங்ககிட்டப் போயி ங்க போட்டுப் போட்டுக் கெஞ்சிக்கிட்டே நின்னுபோட்டே. உன்னாலதான் அப்பாவுக்குத் தீர்த்தம் இல்ல."

அம்மா நின்றாள். வெறுங்கூடையைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை வையவில்லை. கழுதை என்றோ எருமை என்றோ சொல்லவில்லை. கையும் ஓங்கவில்லை.

"சரிங்க அம்மணி" என்றாள். "தப்பு எம்பேர்லதானுங்க. இனிமே நீங்க சொல்றாப்பலயே நடந்துக்கறேனுங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாமுங்க."

மாமாவாக இருந்திருந்தால் செருப்பைத் தேடியிருப்பார். எனக்கோ உடம்பெல்லாம் ஒரு பெருமை. அம்மா முதல் தடவையாக என்னைப் பெரிய மனுஷியாக மதித்துப் பேசுகிறாள், நான் சொன்ன நியாயம் அவளுக்குப் பட்டுவிட்டது என்று நினைத்தேன். இட்டேரி நெடுக அவளுக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு நடந்தேன். அவள் பின்னால் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்: "எங்கம்மா எனக்கு ங்க போட்டுப் பேசறாங்க, தெரியுமா?"